பாதி வாக்கியத்தில் போர்த்திய ஆடை

படம் முடிய இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கும். முழுநிலவிலிருந்து ஒரு கூட்டம் மேகத்தில் ஏறிக்கொண்டு இறங்கி வருகிறது. நடுவில் புத்தரைப் போல ஒருவர், சுற்றிலும் குழலும் யாழும் மேளமுமாக வாசித்துக்கொண்டே வரும் பரிவாரம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். அவளை வளர்த்த கிழவரும் கிழவியும் கதறுகிறார்கள். காவலுக்கு நின்றவர்கள் விட்ட அம்புகள் பாதி வழியிலேயே பூவாகிவிடுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் முழங்கையைச் சுரண்டினாள்.

“அப்பா, எல்லாரும் அழறாங்க. அப்புறம் ஏன் கல்யாண ஊர்வலம் மாதிரி வாசிக்கிறாங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “படம் முடியட்டும், சொல்றேன்” என்று நழுவிவிட்டேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அந்த மேளம் உறுத்தத்தான் செய்தது. பாட்டை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. சோகக் காட்சி வந்தால் வயலின் இழுத்தே தீர வேண்டும் என்று பழகிப்போன காது.

ஈசாவோ தகாஹதா இயக்கி 2013 நவம்பரில் ஜப்பானில் வெளியான ‘இளவரசி ககுயாவின் கதை’ அது. ஜிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் ஸ்டூடியோவின் படம். ஜிப்லி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் பெயர். தகாஹதா அவருக்கு மூத்தவர், தோயெய் என்ற அனிமேஷன் நிறுவனத்தில் இருவரும் இளைஞர்களாக வேலை பார்த்த நாளிலிருந்தே கூட்டாளி. இன்னொரு சங்கதி, தகாஹதா ஓவியர் இல்லை. கடைசிவரை மற்றவர்களை வரையவைத்தே படம் எடுத்தவர். மியாசாகி எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் திரும்பத் திரும்பப் போய் நிற்பது தகாஹதாவின் வாசலில்.

கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரிந்தது. மூங்கில் வெட்டும் கிழவர் ஒருவர், ஒளிவிடும் மூங்கிலுக்குள் உள்ளங்கை அளவுப் பெண்ணொன்றைக் கண்டெடுக்கிறார். மூன்றே மாதத்தில் அவள் வளர்ந்து பெரியவளாகிறாள். ஐந்து பெரிய மனிதர்கள் பெண் கேட்டு வருகிறார்கள். ஆளுக்கொரு கிடைக்காத பொருளைச் சொல்லி, கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுகிறாள். பேரரசரே கேட்டும் மறுக்கிறாள். கடைசியில் தான் நிலவைச் சேர்ந்தவள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட கதை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட பெரிய ஜப்பானிய நாவலான ‘கெஞ்சி கதை’யிலேயே இதைக் கதைகளுக்கெல்லாம் மூதாதை என்று பேசிக்கொள்கிறார்கள்.

அவள் கேட்கும் ஐந்து பொருள்களில் ஒன்று புத்தரின் கல் பிச்சைப்பாத்திரம். அது இருப்பது தென்ஜிகுவில், அதாவது நம் இந்தியாவில். மூலக்கதையில் அதைத் தேடிப் புறப்பட்டதாகச் சொன்ன இளவரசர் கப்பலே ஏறவில்லை. மூன்று வருடம் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, உள்ளூர் மலைக்கோயில் ஒன்றில் கரிபிடித்துக் கிடந்த பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். போகாத ஊருக்குப் போய்வந்த கதை சொல்ல அந்தக் காலத்திலேயே ஆள் இருந்திருக்கிறது.

தகாஹதா 1959இல் தோயெய் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் புதிதாக இருந்த காலத்தில், தோமு உச்சிதா என்ற பெரிய இயக்குநர் இந்தக் கதையை அனிமேஷனாக எடுக்கலாம் என்று நினைத்ததால், நிறுவனம் அங்கே வேலை பார்த்தவர்களிடம் யோசனை கேட்டிருக்கிறது. படம் நடக்கவில்லை. ஆனால் தகாஹதாவுக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. நிலவில் நிம்மதியாக இருந்தவள் எதற்காகப் பூமிக்கு வந்தாள்? ஏதோ குற்றம் செய்தாள், அதற்குத் தண்டனை என்று ஒரே வரியில் கடந்துபோகிறது மூலக்கதை. என்ன குற்றம் என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்லாமல் விடுவதுதான் பழங்கதையின் குணம். பாட்டி கதை சொல்லும்போது “ஏன்?” என்று கேட்டால் “அது அப்படித்தான்” என்பாளே, அந்த மாதிரி.

அரை நூற்றாண்டு கழித்து தகாஹதா படத்தில் வைத்த பதில் இதுதான்: நிலவில் ஒரு பெண் இருந்தாள். முன்னொரு காலத்தில் பூமிக்கு வந்து திரும்பியவள். திரும்பும்போது எல்லாவற்றையும் மறக்கவைத்துவிட்டார்கள். ஆனாலும் பூமியில் கற்ற ஒரு பாட்டு மட்டும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பாடும்போது காரணம் தெரியாமலே கண்ணீர் வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டு ககுயாவுக்குப் பூமி மேல் ஆசை வந்தது. அந்த ஆசைதான் குற்றம்.

இந்த ஒரு இடத்தைத் தவிர, கதையின் எலும்புக்கூட்டை அவர் அதிகம் அசைக்கவில்லை. எலும்புக்கு நடுவே சதை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் என்ன சதை!

குழந்தை தவழும் காட்சி ஒன்று. முற்றத்தில் ஒரு தவளை தத்துகிறது. குழந்தை அதைப் பார்த்து அதே மாதிரி எம்பிப் பார்த்துத் தொப்பென்று விழுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஊர்ப் பையன்கள் கைதட்டி “தகெனோகோ, தகெனோகோ” என்று கூப்பிடுகிறார்கள். மூங்கில் குருத்து என்று அர்த்தம். இந்தப் பக்கம் கிழவருக்குப் பொறுக்கவில்லை. “ஹிமே, ஹிமே” என்று போட்டிக்குக் கூப்பிடுகிறார். ஹிமே என்றால் இளவரசி. குழந்தை அங்கே பார்க்கிறது, இங்கே பார்க்கிறது. பையன்கள் பக்கமே நகர்கிறது. கிழவர் தொண்டை கட்டக் கத்துகிறார். கடைசியில் அது திரும்பித் தள்ளாடி நடந்துவர, ஓடிப்போய் அள்ளிக்கொண்டு அழுதுவிடுகிறார். பார்த்தால் வெறும் வேடிக்கை. முழுப் படமும் அங்கேயே இருக்கிறது. குருத்தாக வளரப் பிறந்தவளை இளவரசியாக்கப் போகும் அன்பு, அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அந்தக் கூப்பாட்டிலேயே கேட்கிறது.

அந்தக் கிழவருக்குக் குரல் கொடுத்த தகெயோ சீ என்ற நடிகர், படம் வெளிவருவதற்கு முந்தைய வருடமே இறந்துபோனார். வரைவதற்கு முன்பே குரலைப் பதிவு செய்துவிட்டு அதற்கேற்ப வரைவது இந்தப் படத்தில் கையாண்ட முறை. அதனால்தான் அவர் குரல் கிடைத்தது. நாக்கு பதறும் இடமும் மூச்சு வாங்கும் இடமும் உடம்பசைவோடு அத்தனை கச்சிதமாக ஒட்டியிருப்பதற்கும் அதுவே காரணம்.

வரைந்த விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண அனிமேஷனில் உருவத்தின் கோடு முழுசாக மூடியிருக்கும், உள்ளே நிறத்தை நிரப்புவார்கள். இந்தப் படத்தில் கோடு பென்சில் கோடாகவே இருக்கிறது. ஓரிடத்தில் தடிக்கிறது, ஓரிடத்தில் மெலிகிறது, நடுவில் அறுந்தும் போகிறது. அறுந்த கோட்டுக்குள் நிறம் நிற்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு ஒரு படம், நிறம் நிரப்புவதற்கென்று மூடிய கோட்டில் தனியாக இன்னொரு படம் என்று வரைய வேண்டும். வேலை பல மடங்காகும். பின்னணியை வரைவித்தவர் கசுவோ ஓகா. நீர்வண்ணம் ஓரத்துக்குப் போகப் போகக் கரைந்து வெள்ளைத் தாளாகவே விட்டுப்போகும். எட்டு வருட உழைப்பு, சுமார் 500 கோடி யென் செலவு. வசூல் அதில் பாதிக்குப் பக்கம்தான். கணக்குப் பார்க்கிற எந்த முதலாளியும் இப்படி எடுக்க விடமாட்டான்.

அந்த வெள்ளை இடம் சும்மா அழகுக்கு இல்லை என்பது ஓட்டக் காட்சியில் தெரியும். தலைநகரில் மாளிகை கட்டி, பெயர் சூட்டு விழா என்று மூன்று நாள் விருந்து. அந்த விருந்தில் அவளுக்கு மட்டும் இடமில்லை, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். குடித்தவர்கள் அவளைப் பற்றி ஏதோ இளக்காரமாகச் சொல்வது காதில் விழுகிறது. எழுந்து ஓடுகிறாள். கதவுகள் பிய்கின்றன, அடுக்கடுக்கான பட்டாடைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் கழன்று விழுகின்றன. இவ்வளவு நேரம் பூப்போல இருந்த கோடு கரித்துண்டால் கோபத்தில் கிறுக்கியதைப் போல ஆகிவிடுகிறது. முகம் முகமாக இல்லை. நிலவு மட்டும் மேலே நிற்கிறது. பழைய ஊருக்கு வந்து சேர்ந்தால் அவள் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். மலையில் கூட விளையாடியவர்கள் காட்டை ஓய்வெடுக்க விட்டுவிட்டு வேறு மலைக்குப் போய்விட்டார்கள். பட்டுப்போனதைப் போல நிற்கும் மரங்கள் வசந்தத்துக்காகப் பொறுத்திருக்கின்றன என்று கரி சுடுகிற ஒருவர் சொல்கிறார். பனியில் சுருண்டு விழுகிறாள். விழித்தால் மாளிகையில் இருக்கிறாள், ஆடை கலையவில்லை. அதற்குப் பிறகு, அந்தக் காலத்துப் பெரிய இடத்துப் பெண்களைப் போலப் புருவத்தைப் பிடுங்கவும் பல்லைக் கறுப்பாக்கவும் மறுப்பில்லாமல் உட்கார்கிறாள். முதலில் இதற்கெல்லாம் முரண்டுபிடித்தவள். புருவம் இல்லாவிட்டால் வியர்வை கண்ணுக்குள் ஓடுமே என்று கேட்டவள்.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. 137 நிமிடம் கொஞ்சம் நீளம்தான். சிறுவயதுத் தோழனோடு வானத்தில் பறக்கும் காட்சி எனக்கு ஒட்டவே இல்லை. வெறும் தாளும் கோடுமாக இருந்த படத்தில் திடீரென்று ஆகாயம் அகலமாகி, வேறு யாரோ எடுத்த படத்துக்குள் தவறிப் போய்விட்ட மாதிரி இருக்கிறது.

சரி, மேளத்துக்கு வருவோம். மகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடியபோது கிடைத்தது ராய்கோ ஓவிய மரபு. சாகும் தறுவாயில் இருப்பவரை அழைத்துப்போக அமிதாப புத்தர் பரிவாரத்தோடு மேகத்தில் இறங்கி வருவார் என்பது ஜப்பானிய பௌத்தத்தின் ஒரு பெரிய நம்பிக்கை. கியோத்தோவுக்குத் தெற்கே ஊஜி என்ற ஊரில் 1053இல் கட்டிய ஒரு மண்டபம் இருக்கிறது. ப்யோதோயின் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபம். ஜப்பானின் பத்து யென் காசில் இருப்பது அந்தக் கட்டடம்தான். உள்ளே பெரிய அமிதாபர், சுற்றுச் சுவர்களில் சிறு மேகங்கள் மேல் 52 போதிசத்துவர்கள். மரத்தில் செதுக்கியவை. ஒருவர் மத்தளம், ஒருவர் யாழ், ஒருவர் ஆட்டம். சாவுக்கு வரும் பரிவாரம் மேளத்தோடுதான் வரும். அவர்களுக்குக் கவலை என்பதே கிடையாது, பிறகு எப்படி ஒப்பாரி வாசிப்பார்கள்? இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷியிடம் தகாஹதா கேட்டு வாங்கியது இந்தக் கவலையின்மையைத்தான். காட்சியின் கொடூரம் அந்த மெட்டின் குதூகலத்தில் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழுகை என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், அவ்வளவுதான்.

மேகத்தில் ஏறியதும் ஒருத்தி இறகாடையை எடுக்கிறாள். அதைப் போர்த்தினால் பூமியின் அழுக்கெல்லாம் மறந்துபோகும் என்கிறாள். ககுயா திரும்பி, அழுக்கு இல்லை என்று சொல்லத் தொடங்குகிறாள். பறவை, பூச்சி, புல், மரம், மனிதர்களின் அன்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். வாக்கியம் முடிவதற்குள் ஆடை தோளில் விழுகிறது. முகம் துடைத்த பலகை மாதிரி ஆகிவிடுகிறது. அழுதுகொண்டிருந்த கிழவர் கிழவி பக்கம் பார்வைகூடப் போகவில்லை. கொஞ்ச தூரம் போனபின் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள். கண்ணில் நீர். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

நாலைந்து படங்களைத் திரும்பப் பார்த்த பிறகுதான், இதே மறதி மற்றவற்றிலும் நடமாடுவதைக் கவனித்தேன். மியாசாகியின் 2001ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்பிரிட்டட் அவே’யில், எண்பது லட்சம் என்று ஜப்பானியர் சொல்லும் கணக்கற்ற தெய்வங்கள் வந்து குளிக்கும் குளியல் விடுதி. அங்கே வேலைக்குச் சேர்பவரின் பெயரைப் பிடுங்கிவிடுவார்கள். சொந்தப் பெயர் மறந்தால் வீடு திரும்ப வழியில்லை. ஹாகு என்ற பையன் அப்படி மாட்டியவன். அவன் ஒரு சிற்றாற்றின் தெய்வம் என்று பிறகு தெரிகிறது. அந்த ஆற்றைத் தூர்த்து மேலே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பெயர் நினைவுக்கு வந்தாலும் போக ஆறு இல்லை. குழந்தைகள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஒரு வசனம் தொண்டையில் நிற்கும்.

தகாஹதாவின் 1994ஆம் ஆண்டுப் படம் ‘பொம்போகோ’ முழுக்கவே இதுதான். தனுகி என்பது ஜப்பானியக் காட்டுப் பிராணி. நாய் இனம், குண்டு உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. நரியும் தனுகியும் உருமாறி ஆளை ஏமாற்றும் என்பது அந்த ஊர்ச் சொலவடை. மதுக்கடை வாசல்களில் கையில் சாராயக் குடுவையோடு நிற்கும் பீங்கான் தனுகிப் பொம்மைகளைப் பார்த்திருக்கலாம். அதன் விதைப்பை தரையைத் தொடும் அளவுக்கு இருக்கும். படத்திலும் அப்படியே. தனுகிகள் அதை இழுத்துப் பாயாக விரித்து அதன்மேல் கூட்டம் போடுகின்றன, பாராசூட்டாக விரித்துக் குதிக்கின்றன. ஆங்கில டப்பிங்கில் வெட்கப்பட்டு அதைப் ‘பை’ ஆக்கிவிட்டார்கள். ஜப்பானில் அதைக் குழந்தைகள் பாட்டாகவே பாடுகிறார்கள். மகளோடு பார்க்கும்போது நான்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோக்கியோவுக்கு மேற்கே தாமா குன்றுகளை வெட்டி 1960களில் ஒரு புதுநகரம் எழுப்பத் தொடங்கினார்கள். குன்றில் இருந்த தனுகிகள் என்ன செய்யும்? பாட்டி காலத்து உருமாற்ற வித்தையைத் தூசி தட்டி எடுத்துக் கட்டட வேலையை விரட்டப் பார்க்கின்றன. படத்துக்குக் கதை சொல்பவர் ஷின்ச்சோ. மெத்தையில் உட்கார்ந்து விசிறியும் கைக்குட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லும் ரகுகோ கலையில் பெரிய கை. சாவையும் அதே குரலில்தான் சொல்லிக்கொண்டு போகிறார்.

ஷிகோகு தீவிலிருந்து மூத்த தனுகிகளை வரவழைத்து, பிரமாதமான பேய் ஊர்வலம் ஒன்றை நகரத் தெருக்களில் நடத்துகின்றன. பழைய ஓவியங்களில் இருக்கும் அத்தனை பேய் பிசாசும் வருகின்றன. மொட்டைமாடிகளில் நின்று ஜனங்கள் கைதட்டுகிறார்கள். ஊர்வலத்திலேயே ஒரு மூத்த தனுகி அயர்ந்து செத்துப்போகிறது. மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்காக்காரர் தொலைக்காட்சியில் தோன்றி, அது எங்கள் விளம்பரம்தான் என்கிறார். ஆயிரம் வருடப் பயத்தை ஒரு விளம்பரம் விழுங்கிவிட்டது. பழங்கதைகளுக்கு என்ன ஆயிற்று என்று நூறு பக்கம் எழுதினாலும் இந்த ஒரு காட்சிக்குப் பக்கத்தில் வராது.

தோற்ற பிறகு, உருமாறத் தெரியாத சாதாரண தனுகிகள் ஒரு பொற்கப்பலில் ஏறிப் பாடி ஆடிக்கொண்டே ஆற்றில் போய்விடுகின்றன, திரும்பி வராத பயணமாக. அதைப் பார்த்தபோது ஜப்பானின் இன்னொரு பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. குமானோ கரையில் நாச்சி என்ற இடத்திலிருந்து துறவிகள் சிறு படகில் ஏறிக்கொள்வார்கள். வெளியே வர முடியாதபடி அறையைப் பலகை வைத்து அடைத்துத் தென்கடலில் விட்டுவிடுவார்கள். போகுமிடம் ஃபுதராகு, அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவரின் மலை. ஃபுதராகு என்பது வடமொழியின் போதலகம். சீன யாத்ரீகர் யுவான் சுவாங் அந்த மலை இந்தியாவின் தென்கோடியில், மலய மலைக்குப் பக்கத்தில் இருப்பதாக எழுதிவைத்திருக்கிறார். அது நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. படிக்கும்போது கொஞ்சம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாச்சிக் கரையில் பலகை அடித்த படகுக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தவர் மனதில் இருந்தது, குற்றாலத்துச் சாரலுக்குப் பக்கத்து மலையாக இருந்திருக்கலாம்.

பழங்கதை என்றாலே நல்லது என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் படமும் நாட்டார் கதைதான். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோ, நாய், குரங்கு, பறவையைக் கூட்டிக்கொண்டு அரக்கர் தீவை வெல்லும் கதை. மித்சுயோ செவோ இயக்கி 1945 ஏப்ரலில் வந்த படத்தில் மொமொதாரோ கடற்படைத் தளபதி. காட்டு விலங்குகளுக்கு ஜப்பானிய எழுத்துகளைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தலையில் கொம்பு வைத்த அரக்கர்கள் ஆங்கிலேயர்கள். பணம் கொடுத்தது கடற்படை. வரைந்த விதம் அற்புதம் என்பதுதான் சங்கடம். விமானத் தாக்குதலில் பாழான ஒசாகாவில் அதைப் பார்த்த இளைஞன் ஒசாமு தெசுகா, பிற்பாடு ஜப்பானியக் காமிக்ஸின் பெரிய பெயர்.

அதனால்தானோ என்னவோ, போருக்குப் பின்வந்த தலைமுறை தெய்வங்களையும் பேய்களையும் எதற்கும் படைதிரட்டாமல் பார்த்துக்கொண்டது. 1988இல் வந்த மியாசாகியின் ‘தோத்தோரோ’வில் அக்கா தங்கை இருவரும் மழைக்கு ஒரு ஜிசோ குடிலில் ஒதுங்குகிறார்கள். ஜிசோ வழிப்போக்கருக்கும் குழந்தைகளுக்கும் துணை நிற்கும் சிறு கல் சாமி, க்ஷிதிகர்பர் என்ற போதிசத்துவர். கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கொள்கிறோம் என்று அனுமதி கேட்டுவிட்டு நிற்கிறார்கள். கடைசியில் தங்கை தொலைந்துபோய் உட்கார்ந்திருப்பதும் ஜிசோ வரிசைக்குப் பக்கத்தில்தான். அந்தக் கல் ஒரு அற்புதமும் செய்வதில்லை. படம் அதைச் சுட்டிக்காட்டுவதும் இல்லை. அது பாட்டுக்கு அங்கே இருக்கிறது.

‘பொம்போகோ’வின் தனுகிகள் மிச்சமிருந்த சக்தியையெல்லாம் திரட்டிக் கடைசியாக ஒரு வித்தை செய்கின்றன. யாரையும் பயமுறுத்த இல்லை. அடுக்குமாடிகள் நின்ற இடத்தில் பழைய குன்றும் வயலும் மண்பாதையும் கூரைவீடும் மறுபடி எழுகின்றன. மாடி முகப்பில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வித்தை செய்த தனுகிகளே தாங்கமாட்டாமல் அதற்குள் ஓடுகின்றன. கொஞ்ச நேரம்தான். பிறகு கான்கிரீட் திரும்பி வந்துவிடுகிறது.

மகளுக்கு ராய்கோ பற்றி நான் சொன்னது எவ்வளவு புரிந்ததோ தெரியாது. “அவங்களுக்கு அழவே தெரியாதுமா, அதான்” என்றேன். “பாவம்” என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குளியலறையிலிருந்து அவள் முணுமுணுப்பு கேட்டது. ஊர்ப் பிள்ளைகளும் ககுயாவும் பாடும் பாட்டாக இருக்கும் என்று கதவுப் பக்கம் காதைக் கொடுத்தேன். அது இல்லை. மேகத்தில் இறங்கி வந்தவர்களின் மெட்டு. வாளியில் தாளம் வேறு.